சம வேலைக்குச் சம கூலி: யார் கொடுத்தது, யார் வாங்கியது?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மாதர் உரிமை என்று மேடை போட்டால் முதலில் புகழாரம் சூட்டுவார்கள். பெண் என்றால் தெய்வம், பெண் என்றால் தாய், பெண் என்றால் பொறுமையின் சிகரம் என்பார்கள். நாமும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் காலையில் அதே தெய்வம் முழங்கால் சேற்றில் இறங்கி நாற்று நடும். சாயங்காலம் வரப்பில் நின்று கூலி வாங்கும்போது தெய்வத்துக்கு ஒரு கணக்கு, தெய்வத்தின் புருஷனுக்கு ஒரு கணக்கு! ஆகையால் இன்றைக்கு நாம் புகழாரத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கூலியைப் பற்றிப் பேசப் போகிறோம்.

பெண்ணுக்கு ஏன் குறைவு என்று நிலக்காரரைக் கேளுங்கள். "ஆம்பளை வேலை பளு வேலை, பொம்பளை வேலை லேசு வேலை" என்பார். இந்த லேசு வேலையை அவர் ஒரே ஒரு நாள் செய்து பார்க்கட்டும்! விடிந்ததிலிருந்து குனிந்த முதுகு நிமிராமல், கால் விரலிடுக்கில் சேற்றுப் புண்ணோடு, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து நடுவது லேசு வேலையாம். மாடு பூட்டி ஏர் ஓட்டிய காலத்திலாவது இந்த வாதத்துக்கு ஒரு சாக்கு இருந்தது. டிராக்டர் வந்து எத்தனையோ வருஷமாகி விட்டது. உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குப் பளு வேலைக் கூலி, குனிந்து நடுகிறவளுக்கு லேசு வேலைக் கூலி! (டிராக்டர் ஓட்டும் தோழர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம். உங்கள் கூலியில் காலணா குறைக்கச் சொல்லி நாம் இங்கே வரவில்லை.)

பளு எது, லேசு எது, தேர்ச்சி எது, தேர்ச்சியில்லாதது எது என்று தரம் பிரிப்பவன் யார்? கூலி கொடுக்கிறவன் பிரிக்கிறான். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக் கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். அது எப்படி என்பதை விளக்க, கடல் கடந்து நடந்த ஒரு வேலை நிறுத்தத்தைச் சொல்கிறோம்.

187 பெண்கள்

லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் நதிக்கரையில் டாகென்ஹாம் என்ற இடம். அங்கே ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலை. ஆயிரக்கணக்கான ஆண்கள் வேலை செய்த அந்தப் பெரிய ஆலையில், கார் ஆசனங்களுக்கு உறை தைக்க ஒரு பிரிவு. அதில் பெண்கள். தையல் மெஷினில் சோதனை வைத்து, கை தேர்ந்தவர் என்று பார்த்துத்தான் அவர்களை வேலைக்கு எடுத்தார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

1967-ல் கம்பெனி புதிய தர வரிசை ஒன்றைக் கொண்டு வந்தது. ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து தரம். சோதனை வைத்து எடுத்த அந்தத் தையல் பெண்களைக் கம்பெனி எங்கே வைத்தது? பி தரத்தில்! தேர்ச்சி குறைந்த வேலை என்று அதற்கு அர்த்தம். அதோடு விட்டதா? பி தரத்தில் இருக்கும் ஆணுக்கு என்ன கூலியோ அதில் 85 சதவீதம்தான் பெண்ணுக்கு. அதாவது இரண்டு வெட்டு. தேர்ச்சியை மறுத்து ஒரு வெட்டு, பெண் என்பதற்காக இன்னொரு வெட்டு.

1968 ஜூன் 7-ந் தேதி 187 பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். ரோஸ் போலண்ட் என்ற பெண் தொழிலாளி அவர்களுடைய சங்கப் பிரதிநிதியாக முன்னணியில் நின்றார். லிவர்பூல் அருகே ஹேல்வுட்டில் இருந்த கம்பெனியின் இன்னொரு ஆலைத் தையல் பெண்களும் சேர்ந்து கொண்டார்கள். நிர்வாகம் முதலில் சிரித்திருக்கும். இத்தனை ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் 187 பேர் போனால் என்ன என்று நினைத்திருக்கும். ஆனால் இன்ஜின் இருந்து, சக்கரம் இருந்து, பெயிண்ட் அடித்து முடித்த பிறகும், ஆசனத்தில் உறை இல்லாத காரை யாரிடம் விற்க முடியும்? மூன்று வாரத்துக்குள் கார் உற்பத்தி படுத்து விட்டது.

உற்பத்தி நின்றதும் ஆண்களுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. இங்கேதான் சோதனை. ஆலைச் சங்கத்தில் அந்தப் பெண்களோடு உறுதியாக நின்ற ஆண்கள் இருந்தார்கள். "இவர்கள் கைச்செலவுக் காசுக்காக வேலைக்கு வருகிறவர்கள், இவர்களால் நம் அடுப்பு அணைய வேண்டுமா?" என்று முணுமுணுத்த ஆண்களும் இருந்தார்கள். கைச்செலவுக் காசாம்! வாடகையும் ரொட்டியும் அந்தக் காசிலும்தான் வந்தது. வெள்ளைக்காரன் ஊரானாலும் நம் ஊரானாலும் இந்தப் பேச்சுக்கு மட்டும் பாஷை வேறுபாடு கிடையாது.

அப்போது பிரிட்டனில் தொழிற்கட்சி சர்க்கார். தொழில் மந்திரி பார்பரா காஸில் ஜூன் 28-ந் தேதி அந்தப் பெண்களை அழைத்துப் பேசினார். 85 சதவீதம் 92 சதவீதமாகியது. அடுத்த வருஷம் பி தரத்து ஆணின் முழுக்கூலியும் கிடைத்தது. சம கூலிச் சட்டம் வரும் என்ற வாக்குறுதியும் கிடைத்தது. 1970-ல் சட்டம் நிறைவேறியது. நாடு பூராவும் உள்ள பெண்களுக்கு ஒரு சட்டம் வருவதற்கு 187 பேர் போட்ட பூட்டு காரணமாயிற்று என்றால், இது சாதாரண வெற்றி அல்ல.

ஆனால் கதையை இங்கே நிறுத்தினால் நாம் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம்.

அந்தப் பெண்கள் முதலில் கேட்டது என்ன? "எங்கள் வேலை தேர்ச்சி வேலை, அதைச் சி தரத்தில் வை" என்பதுதான். கிடைத்தது என்ன? பி தரத்திலேயே இருந்து கொண்டு ஆணோடு சமக் கூலி. சதவீதத்தைக் கொடுத்த கம்பெனி தரத்தைக் கொடுக்கவில்லை. ஏன்? பெண்ணின் கைத்தேர்ச்சியை ஒப்புக் கொண்டால் நாளைக்கு மற்ற வேலைகளின் கணக்கும் வெளியே வந்து விடும். அந்தச் சி தரத்தை வாங்க அவர்கள் 1984-ல் மறுபடியும் வேலை நிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. 16 வருஷம்! 1968-ல் வெளியே வந்தவர்களில் பலர் அதற்குள் வேலையிலேயே இல்லை.

சட்டத்துக்கும் இதே கதிதான். 1970-ல் நிறைவேறிய சட்டம் அமலுக்கு வந்தது 1975 டிசம்பர் கடைசியில். முதலாளிகளுக்கு ஐந்தரை வருஷ அவகாசம். அந்த அவகாசத்தில் பல முதலாளிகள் என்ன செய்தார்கள்? பெண்கள் செய்யும் வேலையைத் தனியாகப் பிரித்து, அதற்கு வேறு பெயர் சூட்டினார்கள். ஒரே வேலையாக இருந்தால்தானே ஒரே கூலி? பெயரை மாற்றிவிட்டால் தீர்ந்தது! ஒரே வேலையாக இல்லாவிட்டாலும், சம மதிப்புள்ள வேலை என்றால் சம கூலி கேட்கலாம் என்று சட்டத்தைத் திருத்தியது 1983-ல். ஐரோப்பிய நீதிமன்றம் தலையில் குட்டிய பிறகுதான் அதுவும் நடந்தது.

அந்த 1968-ம் வருஷத்தை நாம் வேறொரு காரணத்தாலும் மறக்க முடியாது. அதே வருஷம் டிசம்பர் 25-ந் தேதி இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் குற்றம். டாகென்ஹாம் பெண்களை மந்திரி அழைத்துப் பேசினார். வெண்மணிப் பெண்களிடம் நெருப்புத்தான் வந்தது. கூலி கேட்கும் பெண் எந்த தேசத்தில், எந்த ஜாதியில் பிறந்தாள் என்பதைப் பொறுத்து ஆளும் வர்க்கத்தின் பதில் மாறுகிறது.

82 வருஷத் தீர்மானம்

பிரிட்டிஷ் தொழிற்சங்க காங்கிரஸ் சம கூலித் தீர்மானத்தை முதன்முதலில் நிறைவேற்றியது 1888-ல். சட்டம் வந்தது 1970-ல். தீர்மானத்தைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தால் 82 வருஷம் தூங்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

தீர்மானம் போட்ட அதே 1888-ல்தான் லண்டன் கிழக்குப் பகுதியில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 1,400 பேர் வெளியே வந்தார்கள். பேசினால் அபராதம், தாமதமாக வந்தால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம். வெள்ளைப் பாஸ்பரஸ் புகையால் தாடை எலும்பே அழுகிப் போகும் நோய் வேறு. இந்தக் கொடுமையைப் பத்திரிகையில் எழுதி அம்பலப்படுத்தியவர் யார் தெரியுமா? பின்னாளில் சென்னை அடையாறில் வந்து தங்கிய அன்னி பெசன்ட் அம்மையார்தான். அவருடைய பிற்கால ஆன்மீகத்தில் நமக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் அந்த எழுத்துக்கு வணக்கம் சொல்லத்தான் வேண்டும். இரண்டே வாரத்தில் அபராத முறை ஒழிந்தது, பெண்களின் சங்கமும் பிறந்தது.

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 39-வது ஷரத்தில், ஆண் பெண் இருவருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று அழகாக எழுதியிருக்கிறது. எங்கே எழுதியிருக்கிறது? கோர்ட்டில் போய்க் கேட்க முடியாத வழிகாட்டும் கோட்பாடுகள் என்ற பகுதியில்! சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1951-ல் செய்த சம ஊதிய உடன்படிக்கையை இந்திய சர்க்கார் 1958-ல் ஏற்றுக் கொண்டது. சட்டமாகக் கையில் கிடைத்தது 1976-ல். பிற்பாடு 2019-ல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு அதைத் தன்னுள் சேர்த்துக் கொண்டது.

1976 சட்டத்தின் கீழ் ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1987-ல் தீர்ப்பாயிற்று. ஒரு கப்பல் கம்பெனி, சுருக்கெழுத்து வேலை செய்யும் பெண்களுக்கு, அதே வேலை செய்யும் ஆண்களை விடக் குறைத்துக் கொடுத்தது. கம்பெனியின் நிதி நிலைமை இடம் கொடுக்காது என்று வாதாடினார்கள். சட்டத்தில் அப்படி ஒரு விலக்குக் கிடையாது என்று கோர்ட் சொல்லி விட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது ஆபீஸில் மேஜை போட்டு உட்கார்ந்தவர்களின் வழக்கு. வரப்பில் நின்று கூலி வாங்குகிற பெண் எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்? அவளிடம் சம்பளச் சீட்டு உண்டா, வருகைப் பதிவு உண்டா?

இருந்தும் கிராமத்தில் ஒரு விஷயத்தைக் கண்கூடாகப் பார்த்தோம். 2005-ம் வருஷச் சட்டப்படி நூறு நாள் வேலை வந்தபோது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று அதில் இருந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் பெண்கள்தான் அதிகம் போனார்கள். உடனே எழுந்தது பாருங்கள் கூக்குரல்! "நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, பெண்கள் சோம்பேறியாகி விட்டார்கள்" என்று. அந்தக் கூலியோ, இன்னும் கொஞ்சம் கூடவோ கொடுத்திருந்தால் ஆள் கிடைத்திருக்கும். வேறொரு வாசல் திறந்தவுடன் பெண்ணின் கூலியும் ஏறியது.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை

"பெண்ணுக்குக் கூலி ஏறினால் நமக்கு என்ன லாபம்?" என்று மனசுக்குள் கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பஞ்சாலைத் தோழர்களுக்கே பதில் தெரியும்.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் என்ன நடந்தது? நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்றுப் போன இடத்தில் யாரைக் கொண்டு வந்தார்கள்? வறண்ட ஜில்லாக்களிலிருந்து கல்யாணமாகாத பெண் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். ஆலைக்குள்ளேயே விடுதி. கேட்டைத் தாண்ட வார்டன் அனுமதி. மூன்று வருஷம் வேலை செய்தால் முடிவில் மொத்தத் தொகை, அதைக் கல்யாணச் செலவுக்கு வைத்துக் கொள்ளலாம் என்றார்கள். அதற்கு வைத்த பெயர் சுமங்கலித் திட்டம்! அந்தத் தொகை தானமா? பிள்ளையின் மாதச் சம்பளத்தில் பிடித்து வைத்த கூலிதான். நடுவில் உடம்புக்கு முடியாமல் போனவளுக்கு அதுவும் கிடைக்காமல் போனது உண்டு. அறுந்த இழையை ஒட்ட ஸ்பின்னிங் ஃபிரேம் பக்கத்தில் ஒரு ஷிப்டு பூராவும் நடந்தே தேய்ந்த காலுக்குப் "பயிற்சியாளர்" என்று பெயர். மூன்று வருஷம் பயிற்சி! தேர்ச்சியை மறுப்பது டாகென்ஹாமில் பி தரம், நம் ஊரில் பயிற்சியாளர். சூத்திரம் ஒன்றே.

இப்போது சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் கூலி குறைந்ததால் ஆண் தொழிலாளியின் கூலி உயர்ந்ததா? சங்கம் வைத்துப் பஞ்சப்படியும் போனஸும் வாங்கிய நிரந்தர வேலையே அல்லவா கரைந்து போயிற்று! பெண்ணின் மலிவுக் கூலி என்பது ஆணின் கூலியை அறுக்க முதலாளி தீட்டி வைத்திருக்கும் அரிவாள். அந்த அரிவாளைப் பிடுங்குவதில் ஆணுக்கு லாபமில்லை என்றால் வேறு எதில் லாபம்?

மூணாறு

நம் சங்கங்களுக்குள் பேச வேண்டிய விஷயமும் ஒன்று இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். முந்தின வருஷம் 19 சதவீதமாக இருந்த போனஸை நிர்வாகம் 10 சதவீதமாக்கியது. நாள் கூலி 232 ரூபாய். போனஸ் 20 சதவீதம், கூலி 500 ரூபாய் என்று கேட்டார்கள். பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக் கொண்டார்கள்.

அந்தப் பெண்கள் அங்கிருந்த பெரிய சங்கங்களின் தலைவர்களைப் பக்கத்தில் வர விடவில்லை. இடதுசாரிச் சங்கங்களும் அதில் சேர்த்தி. லயத்தில் ஒற்றை அறையில் எங்கள் குடும்பம் இருக்க, எங்கள் பெயரால் பேசுகிறவர்கள் நிர்வாகத்தோடு இணக்கமாக இருக்கிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. தோழர் வி. எஸ். அச்சுதானந்தன் போனபோது மட்டும் தங்களோடு உட்கார விட்டார்கள். ஒன்பது நாள் போராடி, போனஸாகவும் கருணைத் தொகையாகவும் சேர்த்து 20 சதவீதத்தை வாங்கினார்கள். கூலி பிற்பாடு 301 ரூபாயானது. கேட்ட 500 கிடைக்கவில்லை.

இதைச் சங்க விரோதம் என்று சொல்லித் தள்ளிவிட்ட சிலர் உண்டு. நாம் அப்படிப் பார்க்கவில்லை. கூடை சுமக்கிறவர்கள் பெண்கள், மேஜையில் உட்காருகிறவர்கள் ஆண்கள் என்றால், ஒரு நாள் இப்படித்தான் வெடிக்கும்.

நம் இயக்கத்திலேயே முன்னோடி இல்லாமல் இல்லை. தஞ்சைத் தரணியில் மணலூர் மணியம்மை என்ன செய்தார்? மேல்ஜாதி வீட்டு இளம் விதவை. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக் கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து, சேரிச் சேரியாகப் போய்ப் பண்ணையாட்களைச் சங்கமாக்கினார். சவுக்கடியும் சாணிப்பாலும் நடந்த காலம் அது. 1953-ல் அவர் மறைந்தார். கூட்டம் நடக்கும் ஊரிலெல்லாம் அவர் படம் மாட்டினால் போதாது.

அடுப்பங்கரைக் கணக்கு

கூலி இல்லாத வேலையைப் பற்றியும் சொல்லாவிட்டால் எங்கள் அம்மாமார் விட மாட்டார்கள்.

ஐஸ்லாந்து என்று வடகோடியில் ஒரு சின்னத் தீவு. 1975 அக்டோபர் 24-ந் தேதி அந்த நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் வேலையை நிறுத்தினார்கள். மீன் தொழிற்சாலையிலும் நின்றது, டெலிபோன் ஆபீஸிலும் நின்றது, பள்ளிக்கூடத்திலும் நின்றது. வீட்டிலும் நின்றது! சோறாக்கவில்லை, பிள்ளையைக் குளிப்பாட்டவில்லை. தலைநகரத்தின் சதுக்கத்தில் மட்டும் 25,000 பேர் கூடினார்கள். ஆண்கள் பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு ஆபீஸுக்குப் போனார்கள். சுலபமாகச் சமைக்கக் கூடிய இறைச்சிப் பண்டம் கடைகளில் தீர்ந்து போயிற்றாம். நம் ஊரில் நடந்தால் ஹோட்டல் இட்லி பத்து மணிக்கே தீர்ந்து விடும்!

வேலை நிறுத்தம் என்று பெயர் வைத்தால் சில பெண்கள் தயங்குவார்கள் என்று, "பெண்களின் ஓய்வு நாள்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். அடுத்த வருஷமே ஆண் பெண் சமத்துவச் சட்டம் வந்தது. 2018-ல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனங்கள் சம ஊதியம் தருவதைத் தாங்களே நிரூபித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற சட்டம் அமலாயிற்று. அப்படியும் தீரவில்லை என்று 2023-ல் அதே அக்டோபர் 24-ல் மறுபடி வெளியே வந்தார்கள். அந்நாட்டுப் பிரதமரே அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அவரும் ஒரு பெண்.

ருஷ்யாவையும் மறக்கக் கூடாது. 1917 மார்ச் 8-ந் தேதி பெட்ரோகிராட் பஞ்சாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள், ஒரு வாரத்தில் ஜார் மன்னன் இல்லை. நவம்பர் புரட்சி முடிந்த இரண்டு மாதத்துக்குள் விவாகரத்து உரிமையும் பதிவுத் திருமணமும் வந்தன. 1920-ல் கருக்கலைப்பு உரிமை, அதுவும் ஐரோப்பாவின் பெரிய நாடுகள் கனவிலும் நினைக்காத காலத்தில். அதே உரிமையை 1936-ல் பறித்தார்கள், 1955-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். இதையும் சேர்த்தே நாம் சொல்லுகிறோம். சோஷலிஸ சர்க்காராக இருந்தாலும் பெண்கள் தங்கள் உரிமைக்குத் தாங்களே காவல் இருக்க வேண்டியிருக்கிறது.

தோழர்களே, இனி நம் வேலைக்கு வருவோம். ஒவ்வொரு ஆலைக் கமிட்டியும் ஒவ்வொரு கிராமக் கிளையும் ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். எந்த வேலை, அதை யார் செய்கிறார்கள், என்ன பெயரில் செய்கிறார்கள், எத்தனை மணி நேரம், என்ன கூலி. நடவு, களை, அறுப்பு, ஸ்பின்னிங், ஒயிண்டிங், எதையும் விடாதீர்கள். "உதவியாள்", "பயிற்சியாளர்", "லேசு வேலை" என்ற பெயர்கள் எங்கெல்லாம் வருகின்றன என்று சிவப்பு மையால் கோடு போடுங்கள். அடுத்த கூலிப் பேச்சில் நம் பக்கத்து மேஜையில் அந்தப் பட்டியல் இருக்க வேண்டும். அதைப் படித்துக் காட்டுகிறவர் அந்த வேலையைச் செய்கிற பெண்ணாக இருக்க வேண்டும்.

பட்டியல் எடுக்கும் கமிட்டியில் பாதிப்பேர் பெண்கள். கமிட்டிக் கூட்டத்தை இரவு ஒன்பது மணிக்கு டீக்கடைப் பெஞ்சில் போட்டுவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று ரிப்போர்ட் எழுத வேண்டாம். நேரத்தையும் இடத்தையும் அவர்களைக் கேட்டு வையுங்கள். அந்த நேரத்தில் அடுப்பை யார் பார்ப்பது என்று வீட்டில் கேள்வி வரும். அதற்கு ஆண் தோழர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.